பஞ்சு டீச்சர் அக்காவிடம் சொன்னது

எங்கள் நர்ஸிங் பள்ளியில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் பஞ்சு டீச்சர். புண்ணுக்கு மருந்து கட்டும் வகுப்பு அவருடையது. கோட்டுப் பையில் எந்நேரமும் ஒரு பஞ்சுச் சுருள் கிடக்கும். பேசிக்கொண்டே அதைப் பிய்த்து உருண்டை உருண்டையாக உருட்டிக்கொண்டிருப்பார். "பேருதான் பஞ்சு, வாய் கத்தரிக்கோல்" என்று மாணவிகள் முணுமுணுப்பார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. "கத்தரிக்கோல் துருப்பிடிக்காம இருந்தா சரி" என்றார்.

ஆசிரியர் அறையில் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. நான் மருந்தியல் எடுக்கிறேன். இனி நான் சொல்லப்போவதில் கொஞ்சம் நான் கண்ணால் கண்டது. பெரும்பகுதி மதியச் சாப்பாட்டு வேளைகளில் அவர் துண்டு துண்டாகச் சொன்னது.

அவருடைய செயல்முறை அறையில் கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருக்கும். அதற்கு மாணவிகள் வைத்த பெயர் மாமனார். எத்தனை பணிவிடை செய்தாலும் வாயைத் திறந்து நல்ல வார்த்தை ஒன்று சொல்லமாட்டார் என்பதால் அந்தப் பெயர். மாமனாரைப் புரட்டிப் போடுவது, படுக்கையில் வைத்தே குளிப்பாட்டுவது, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்வது என்று எல்லாம் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அவர் கை பட்டால் வலிக்காது என்று ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு. கட்டு மாற்ற வேண்டிய நோயாளிகள் அவருக்காகக் காத்திருப்பார்கள்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தார். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அக்காதான் அவரைத் தூக்கி வளர்த்தவர். அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். கீழே தையல் மிஷின் ஓடினால் மாடித் தரை அதிரும். அந்த அதிர்வு நின்றால்தான் தனக்கு விழிப்பு வரும் என்று டீச்சர் சொல்வார். அத்தான் வாசல் பக்கத்துக் கடையில் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுபவர். அதிகம் பேசமாட்டார். ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள்.

வெளிநாட்டுப் பயணம் உண்மையில் எங்கள் முதல்வருக்கு வந்தது. குளிர் நாடு ஒன்றில் முதியோர் மருத்துவ இல்லம், அதோடு சேர்ந்தாற்போல ஒரு பயிற்சிப் பள்ளி. கையால் செய்யும் பராமரிப்பைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முதல்வருக்கு அப்போதுதான் முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. "பஞ்சு, நீங்க போங்க. ஒன்றரை மாசம்தான். பள்ளிக்கூடத்துப் பேரைக் காப்பாத்திட்டு வாங்க" என்றார். ஆசிரியர் அறையில் சில வயிறுகள் எரிந்தன. பஞ்சு டீச்சர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை.

அக்கா அவருக்கு உள்ளே கம்பளி வைத்து ஒரு கோட்டு தைத்தார். அளவு பார்க்கும்போது மிஷின் மேசையின் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நின்றதை டீச்சர் கவனித்தார்.

"என்னக்கா, வலிக்குதா?"

"சூடு. உக்காந்தே தைக்கிறவளுக்குக் குடல் வெந்துதான் போகும்."

"நாளைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துரலாம்."

"நீ போயிட்டு வா, அப்புறம் பாத்துக்கலாம். ஓடியா போயிடும் வயிறு? நேரா நில்லுடி, தோள்பட்டை கோணுது."

டீச்சர் நேராக நின்றார்.

அந்த ஊரைப் பற்றி அவர் முதலில் சொன்னது, "வாசனையே இல்லாத ஆஸ்பத்திரி" என்பதுதான். மருந்து வாசனை இல்லை, மனித வாசனையும் இல்லை. நடைபாதை முழுக்க விரிப்பு. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று காலடிச் சத்தம் சொல்லாது. நடைபாதை ஓரத்தில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அவற்றில் யாரும் உட்கார்ந்து அவர் பார்க்கவில்லை. "நம்ம வார்டுல கட்டிலுக்கு அடியிலயும் ரெண்டு பேரு படுத்திருப்பாங்க. நோயாளிக்கு ஊசி போடறதுக்கு முன்னாடி அவன் மச்சானுக்குச் சமாதானம் சொல்லணும். அங்க ஒரு கிழவி செத்தா, அவ ரூம் விளக்கு அணைஞ்சிருக்கறதப் பாத்துத்தான் பக்கத்து ரூம்காரங்களுக்கே தெரியும்."

முதல் வகுப்பில் அவர் உள்ளே போனபோது யாரும் எழுந்து நிற்கவில்லை. ஒரு பெண் ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள். காதில் வளையம் போட்ட ஒருவன் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அந்தப் பெயரை அப்பா இறந்த பிறகு யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வகுப்பு சிரித்தது. அவர்கள் மொழி வேறு. இடையில் ஆங்கிலம்தான் பாலம், அதுவும் இரண்டு கரையிலும் ஆட்டம் கண்ட பாலம்.

வார்டில் நடந்ததுதான் அவரைக் குத்தியது. படுக்கையில் இருந்த ஒரு கிழவியைப் புரட்டிக் காட்டுவதற்காக, எப்போதும் செய்வதுபோலத் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். ஆப்பிள் கடித்த பெண் கையைத் தூக்கினாள்.

"நீங்க அவங்களக் கேக்கலையே."

"என்ன கேக்கணும்?"

"தொடலாமான்னு."

டீச்சருக்கு முகம் சுருங்கிப்போனது. அன்று அவர் சாப்பிடவில்லை. என் வேலையே தொடுறதுதானே, தையக்காரன் துணியக் கேட்டா வெட்டுறான் என்று மனதுக்குள் பொரிந்திருக்கிறார். ஆனால் மறுநாள் அதே கிழவியிடம் போய், தொடலாமா என்று கேட்டார். கிழவி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றாள்.

"வேண்டாம்னு சொன்னதும் அந்தக் கெழவி மூஞ்சியில ஒரு தெம்பு வந்துச்சு பாருங்க" என்றார் என்னிடம். "அந்தத் தெம்ப நான் இத்தன வருஷத்துல ஒருத்தருக்கும் குடுத்ததில்ல டீச்சர்."

அவரும் அவர்களுக்குச் சிலது கொடுத்தார். ஆளைத் தூக்க அங்கே இயந்திரம் உண்டு. அது ஒருநாள் மக்கர் பண்ணியபோது எல்லாரும் கையைக் கட்டி நின்றார்கள். டீச்சர் ஒரு விரிப்பை மடித்து, கனத்த மனிதர் ஒருவரை இரண்டே பேர் வலிக்காமல் நகர்த்தும் விதத்தைக் காட்டினார். அதன் பிறகு வகுப்பில் ஆப்பிள் சத்தம் கேட்கவில்லை.

அந்த வார்டின் பொறுப்பாளர் மிக உயரமான ஒரு பெண்மணி. டீச்சர் மனதுக்குள் அவரை ஒட்டகச்சிவிங்கி என்றுதான் கூப்பிட்டார். நல்ல மனுஷி. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் பதில் வரும்.

அங்கே ரொட்டிக்காரர் ஒருவர் இருந்தார். காலமெல்லாம் அடுப்படியில் நின்று ரொட்டி சுட்டவர். முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள் இருந்தன. டீச்சர் அவருக்குக் கால் புண் கட்டிவந்தார். ஒருநாள் காலையில் வெந்நீர்ப் பாத்திரத்தோடு உள்ளே நின்றபோது, ஓர் இளம் பெண் மருத்துவர் வந்தார். அந்த நாட்டுக்குப் புதியவர், ஆங்கிலத்தில்தான் பேசுவார். நாற்காலியை இழுத்து ரொட்டிக்காரரின் கண்மட்டத்துக்கு உட்கார்ந்தார். போனை அணைத்தார். பிறகு, மழை வரும் என்று சொல்வதுபோல நிதானமாகச் சொல்லிவிட்டார். நோய் பரவிவிட்டது, இனி மருந்து வலிக்கு மட்டும்தான்.

ரொட்டிக்காரர் கேட்டார். "இந்தப் பனிக்காலத்தப் பாப்பேனா?"

"தொடக்கத்தப் பாக்கலாம். முடிவப் பாக்கமாட்டீங்க."

மருத்துவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வேறு கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் எழுந்து போனார். ரொட்டிக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் அவருக்கென்று ஒரு ஆள் கிடையாது. டீச்சருக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிடிக்கலாமா என்று கேட்க வேண்டும். அந்த நேரத்தில் போய் எப்படிக் கேட்பது?

"கேட்டுட்டுத் தொடுறதா, தொட்டுட்டுக் கேக்குறதான்னு தெரியாம, பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டேன்" என்றார் டீச்சர். இதைச் சொன்ன அன்று அவர் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டார்.

வெளியே வந்தவர் நேராக ஒட்டகச்சிவிங்கியிடம் போய்ச் சண்டை பிடித்தார்.

"செத்துப்போவன்னு ஒரு மனுஷன் மூஞ்சிக்கு நேரா சொல்றதா வைத்தியம்?"

"அவரோட நோய். அவர்கிட்டதானே சொல்லணும். உங்க ஊர்ல யார்கிட்ட சொல்வீங்க?"

"வீட்டு ஆளுங்ககிட்ட."

"அப்போ அவரு தன்னோட பயத்த யார்கிட்ட பேசுவாரு?"

டீச்சருக்கு விட மனமில்லை. "இங்க மட்டும் யார்கிட்ட பேசுறாரு? அந்த ஜன்னல்கிட்டயா?" என்று கேட்டார். ஒட்டகச்சிவிங்கி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா, இன்னைக்கு ஜன்னல்கிட்டதான்" என்றார்.

சில நாட்கள் ரொட்டிக்காரர் யாரோடும் பேசவில்லை. பிறகு, பல வருடங்களாகப் பேச்சு விட்டுப்போன மகனுக்குப் போன் செய்யச் சொன்னார். போனில் அப்பாவும் மகனும் கத்திக்கொண்டார்கள். மகன் நேரில் வந்தான், நேரிலும் கத்திக்கொண்டார்கள். ஆனால் மறுநாளும் வந்தான். அடக்கம் செய்யும்போது எந்தச் சட்டை, எந்தச் செருப்பு என்றுகூட ரொட்டிக்காரர் சொல்லிவைத்தார். புதுச் செருப்பு வேண்டாமாம், கடிக்குமாம். மகன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் அப்பாவின் தழும்புக் கைமேல் முகத்தை வைத்துக்கொண்டான். டீச்சர் கட்டுப் போட வந்தவர், திரும்பிப் போய் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதிலிருந்து அவருக்குள் ஏதோ இடம் மாறிப்போயிற்று.

வீட்டுக்கு அவர் அடிக்கடி போன் செய்துகொண்டுதான் இருந்தார். முதலில் அக்கா நிறையப் பேசினார். குளிருதா, கோட்டு கக்கத்தில் பிடிக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு பேச்சு குறைந்தது. அப்புறம் அத்தான் எடுக்க ஆரம்பித்தார்.

"குளிச்சிட்டிருக்காம்மா."

"தூங்குறாம்மா."

"பாவாட துணி வாங்கக் கடைக்குப் போயிருக்கா."

அதிகம் பேசாத மனிதர் இத்தனை காரணம் சொல்கிறாரே என்று டீச்சருக்குத் தோன்றியிருக்கிறது. "தோணுச்சு. கேக்கல" என்றார். "நர்ஸுக்குத்தான் முதல்ல தோணும். அதனாலதான் கேக்கல."

திரும்பி வந்த அன்று விமான நிலையத்தில் அத்தான் தனியாக நின்றார். சட்டை அவர்மேல் கொடியில் தொங்குவதுபோலத் தொங்கியது. பெட்டியை வாங்கி வண்டியில் வைத்துவிட்டு, வண்டியை எடுக்காமல் பேசினார். அக்காவின் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று அப்படியே தைத்து மூடிவிட்டார்கள். புற்றுநோய் கல்லீரல்வரை போய்விட்டது. எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று கேட்பதற்காக எங்கள் முதல்வருக்கு அப்போதே போன் செய்திருக்கிறார். டீச்சரிடம் சொல்ல வேண்டாம், பாடத்தை முடித்துவிட்டு வரட்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"வயித்துல புண்ணு, ஆறிடும்னு சொல்லியிருக்கோம். அத நம்பித்தான் கஞ்சி குடிக்கிறா. நீ உள்ள போறதுக்கு முன்னாடி மூஞ்சியச் சரி பண்ணிக்கோ. உன் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடுவா."

பின்னாளில் முதல்வரிடம் அவர் இதைக் கேட்டபோது நான் அருகில் இருந்தேன். முதல்வர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சொல்லியிருந்தா நீங்க பாதியில வந்திருப்பீங்க. வந்து என்ன பண்ணியிருக்கப்போறீங்க? பள்ளிக்கூடத்துப் பேருதான் கெட்டிருக்கும்." பஞ்சு டீச்சர், சரிங்க மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

அக்கா கட்டிலோடு இருந்தார். முகம் மஞ்சளாக, கண்கள் பெரிதாக. தங்கையைப் பார்த்ததும், "இளைச்சுட்டியேடி, சோறு போடலையா அந்த ஊர்ல?" என்று கேட்டார். டீச்சர் சரி செய்து வைத்திருந்த முகத்தோடு, "அங்க கேட்டாத்தான் போடுவாங்க. எனக்குக் கேக்கத் தெரியல" என்றார்.

விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் அக்காவைப் பார்த்துக்கொண்டார். புரட்டிப்போட்டார், துடைத்தார், வலிக்கு மருந்து கொடுத்தார். மத்தியானங்களில் அந்த ஊர்க் கதைகளைச் சொன்னார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டு அக்கா சிரித்தார். வேண்டாம் என்று சொன்ன கிழவியின் கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். ரொட்டிக்காரர் கதையை மட்டும் டீச்சர் நாள் தள்ளிக்கொண்டே போனார். ஒருநாள் அதையும் சொன்னார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மூஞ்சிக்கு நேராவா சொன்னாங்க?"

"நேராத்தான்."

"பாவம். என்ன ஜென்மங்களோ" என்றார் அக்கா. கொஞ்சம் பொறுத்து, "மகன் வந்தானா?" என்று கேட்டார்.

"வந்தான்."

அக்கா தண்ணீர் கேட்டார்.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். சீருடைத் துணியோடு ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். அக்கா படுத்துக்கொண்டே அவர்களிடம் பேசி, துணியை வாங்கி வைக்கச் சொன்னார். "அடுத்த மாசம் எழுந்து உக்காந்துருவேன், தச்சுக் குடுத்துடறேன்." கட்டிலுக்குப் பக்கத்தில் நீலத் துணி கட்டுக் கட்டாக ஏறிக்கொண்டே போனது. அத்தான் ஒவ்வொரு கட்டையும் வாங்கி அடுக்கினார். நடிக்கத் தெரியாத மனிதர், அடுக்க மட்டும் தெரிந்துவைத்திருந்தார். டீச்சரால் அதைப் பார்க்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் முதுகு துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார். "இந்தப் புண்ணு ஆற இன்னும் எத்தன நாளாகும்?"

டீச்சர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இத்தன புண்ணு பாத்தவ நீ. எல்லாருக்கும் சொல்லுவ, இது ஒரு வாரம், அது பத்து நாள்னு. எனக்கு மட்டும் ஏன்டி வாயத் தொறக்க மாட்டேங்கற?"

அது கேள்விதானா, இல்லை, ஆறிடும் என்று ஒரு வார்த்தை சொல்லேன் என்ற கெஞ்சலா? இதை டீச்சர் என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? அந்த மத்தியானம் அவர் அதைக் கேள்வி என்றுதான் எடுத்துக்கொண்டார். அக்காவுக்குச் சட்டையை மாட்டிவிட்டு, திருப்பிப் படுக்கவைத்து, நாற்காலியை இழுத்துக் கண்மட்டத்துக்கு உட்கார்ந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். கேட்காமலேதான் பிடித்தார். பிறகு நிதானமாக, எதையும் மறைக்காமல் சொன்னார். வாசல் கடையில் அத்தான் ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரைச்சல் நிற்கும்வரை அக்கா அசையவில்லை.

பிறகு கையை உருவிக்கொண்டார்.

"இதக் கத்துக்கத்தான் போனியா?"

"அக்கா..."

"பொய்யின்னு சொல்லு."

டீச்சர் அழுதுகொண்டிருந்தார்.

"பொய்யின்னு சொல்லுடி. சும்மாவாவது சொல்லு."

"டாக்டருங்களும் சில சமயம் தப்பா சொல்றது உண்டுக்கா."

அக்கா அவரைக் கூர்ந்து பார்த்தார். "உனக்குச் சொல்லத் தெரியல. நிஜத்தையும் சொல்லத் தெரியல, பொய்யையும் சொல்லத் தெரியல. போ. அவர வரச்சொல்லு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தான் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தார். கையில் கம்பி சுற்றிய எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது. அவர் குரல் உயர்ந்து டீச்சர் அதுவரை கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"என்னைய ஏமாத்துக்காரன்னு சொல்றா. இத்தன வருஷம் குடும்பம் நடத்தி, கடைசியில ஏமாத்துக்காரன். சந்தோஷமா உனக்கு? ஊரு விட்டு ஊரு போயி வித்த கத்துக்கிட்டு வந்து, என் வீட்டுலதான் அத ஒத்திகை பாக்கணுமா? அவ எழுந்து தைக்கப்போறோம்னு நெனச்சுக்கிட்டே போயிருப்பா. அதையும் புடுங்கிட்ட."

"அவதான் கேட்டா, அத்தான்."

"கேப்பா. தெனமும் என்கிட்டயும்தான் கேட்டா."

டீச்சர் மாடிக்குப் போய்விட்டார். சில நாட்கள் அவரை அக்கா அறைக்குள் விடவில்லை. கீழிருந்து வரும் சத்தங்களை வைத்துத்தான் அவருக்கு எல்லாம் தெரிந்தது. அக்கா கஞ்சியைத் தள்ளிவிட்ட சத்தம். கதவைச் சாத்தாதே, தனியாக விடாதே என்று அத்தானை அழைத்துக்கொண்டே இருந்த குரல். மிஷினைக் கண்ணில் காட்டாதே என்று கத்தியதும், அத்தானும் பக்கத்துக் கடைக்காரரும் அதை வெளியே இழுத்துப்போன சத்தமும் கேட்டன. ரொட்டிக்காரர் மௌனமாக இருந்துவிட்டுத் தெளிந்தது போல இவரும் தெளிவார் என்று டீச்சர் காத்திருந்தார். மனிதர்கள் எல்லாரும் ஒரே அளவில் வெட்டிய துணி இல்லையே.

ஆனால் ஒன்று நடந்தது. அக்கா மகளை வரச்சொன்னார். மகள் கைக்குழந்தையோடு வந்தாள். இரண்டு மத்தியானங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தாயும் மகளும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது டீச்சருக்கு இன்றுவரை தெரியாது. மகள் வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் நடையில் ஒரு நிதானம் இருந்தது என்று டீச்சர் சொல்வார். அது அவர் பார்க்க விரும்பியதா, உண்மையிலேயே இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை என்றும் சேர்த்துக்கொள்வார். துணி கொடுத்தவர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பி, கட்டுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் அக்காதான். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று மகள் தன் ஊருக்குத் திரும்பவேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு, புரட்டிப்போட அத்தானால் முடியாததால், டீச்சரைக் கீழே கூப்பிட்டார்கள். அக்கா அவரைத் தடுக்கவில்லை. அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவும் இல்லை. தண்ணீர் சுடுகிறது, தலையணையைத் தாழ்த்து, விளக்கை அணைக்காதே. இவ்வளவுதான் பேச்சு. மன்னித்தாரா, இல்லையா? ஒருநாள் தண்ணீர் கொடுக்கும்போது டீச்சரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கோப்பையை நேராக்கத்தான் பிடித்திருக்கலாம். பயம் மட்டும் கடைசிவரை அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு முற்பகலில், மூச்சு வாங்கி வாங்கி, கதவையே பார்த்தபடி அடங்கினார். டீச்சர்தான் குளிப்பாட்டினார். அத்தான் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் முடிந்தபின் அத்தான் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "மேல் ரூம காலி பண்ணிக்கோம்மா." அந்த 'ம்மா'தான் தாங்கமுடியவில்லை என்றார் டீச்சர். எங்கள் விடுதியில் வார்டன் அறை காலியாக இருந்தது. ஒரு பெட்டியோடு அங்கே வந்து சேர்ந்தார்.

முதல்வர் விடவில்லை. வெளிநாட்டு அனுபவத்தை எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று கூட்டம் போட்டார். பஞ்சு டீச்சர் மேடையேறி, அறைக்குள் போகுமுன் கதவைத் தட்டுவது பற்றியும், தொடும் முன் கேட்பது பற்றியும் பேசினார். முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், அங்க நோயாளிகிட்டயே எல்லாத்தையும் சொல்லிடுவாங்களாமே. அது நல்லதா?"

டீச்சர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாற்காலியில உக்காந்து எப்படிச் சொல்றதுன்னு அங்க பாத்தேன். சொன்னதுக்கு அப்புறம் அந்த வீட்டுல எப்படி இருக்கறதுன்னு பாக்கல. அதுக்குள்ள என் ஒன்றரை மாசம் முடிஞ்சு போச்சு" என்றார். யாருக்கும் புரியவில்லை. முதல்வர் கைதட்ட ஆரம்பித்தார், எல்லாரும் தட்டினார்கள்.

அடுத்த வருடம் அக்காவின் மகள் ஏதோ வேலையாக ஊருக்கு வந்தாள். அப்பாவைப் பார்த்துவிட்டு விடுதிக்கும் வந்தாள். அன்று விடுமுறை. நானும் அங்கே இருந்தேன். டீச்சர் தேநீர் போட்டுக் கொடுத்தார். குழந்தை கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. ஊர்க்கதை எல்லாம் ஓய்ந்த பிறகு அவள் கேட்டாள்.

"சித்தி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கடைசியில அம்மா பயந்தாங்களா?"

டீச்சர் யோசிக்கவே இல்லை. "இல்லடி. நிம்மதியாத்தான் போனா. தூங்குற மாதிரி."

அவள் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா அப்படிச் சொல்லல சித்தி" என்றாள்.

டீச்சர் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் எழுந்தாள். டீச்சர் தெருமுனைவரை கூடப் போய், பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.